காற்றுப்பைக்குள் ஒரு கணத் தீ

மோட்டார் வண்டி மோதிய மாத்திரத்தில், ஸ்டியரிங் சக்கரத்துக்கும் ஓட்டுபவரின் மார்புக்கும் நடுவே உப்பி நின்று பிராணனைக் காக்கிற காற்றுப்பையினுள் அமுக்கிவைத்த காற்றுதான் இருக்கும் என்று பலர் எண்ணுவது இயல்பே. 1952ஆம் ஆண்டில் இந்த யோசனையைத் தோற்றுவித்த அமெரிக்கப் பொறியாளர் ஜான் ஹெட்ரிக்கும் அப்படித்தான் எண்ணினார். சாலையில் ஓர் இடையூறைத் தவிர்க்க அவர் வண்டியைச் சடுதியில் திருப்பியபோது, அவரும் அவர் மனைவியும் தம்மையறியாமலே கைகளை நீட்டி மகளை மறித்துக்கொண்டனர். அந்தக் கைகளின் வேலையைச் செய்யும் ஒரு சாதனத்துக்கு அவர் மறு ஆண்டே காப்புரிமை பெற்றார்.

ஆயினும் அமுக்கிய காற்றுக்கு வேண்டிய வேகம் இல்லை. வண்டியின் முகப்பு நசுங்கத் தொடங்கியதிலிருந்து மனிதனின் தலை முன்னே பாய்ந்து மோதுவதற்குள் பை முழுவதும் நிரம்பியாக வேண்டும். அதற்குக் கிடைக்கும் அவகாசமோ ஏறக்குறைய 30 மில்லி விநாடி, அதாவது கண் ஒருமுறை இமைப்பதற்கு ஆகும் நேரத்தைவிடக் குறைவு. ஆகவே பொறியாளர்கள் நெருப்பை நாடினர்.

சோடியம் அசைடு என்னும் வெண்ணிற உப்பைச் சுமார் 300 டிகிரி வரை சூடேற்றினால், அது சோடியமாகவும் நைட்ரஜன் வாயுவாகவும் பிரிந்துவிடும். நைட்ரஜன் சாதுவானது, நாம் மூச்சுவிடும் காற்றில் பெரும்பங்கு அதுவே. கூடப் பிறக்கும் சோடியமோ ஈரம் பட்டாலே சீறும் உக்கிரமான உலோகம். அதை அடக்க வெடியுப்பைச் சேர்த்தனர். அதில் விளையும் ஆக்சைடுகள் தோலை அரிக்குமென்பதால், மணலின் சாரமான சிலிக்காவையும் கலந்து, அனைத்தையும் கண்ணாடி போன்ற தீங்கற்ற கசடாக்கினர். எஞ்சிய துகள்களையும் உஷ்ணத்தையும் வாங்கிக்கொள்ள, இந்தக் கலவை எரியும் உலோகக் குப்பியின் வாயில் உலோக வலைகளைப் பல அடுக்காகப் பொதிந்து, வாயுவை மட்டும் பைக்குள் விட்டனர். எரிப்பதினும் பிரித்தெடுப்பதிலேதான் இவர்களுடைய சாமர்த்தியத்தின் பெரும்பகுதி செலவாயிற்று என்பது என் அபிப்பிராயம். (பை விரிந்ததும் வண்டிக்குள் பறக்கும் வெண்தூசியைக் கண்டு வண்டி தீப்பிடித்ததென அலறுகிறவர்கள் உண்டு, அதில் பெரும்பாலானது, மடித்த பை ஒட்டாதிருக்கத் தூவிய முகப்பவுடர் வகைத் தூளே.)

அசைடு கொடிய விஷமாகையால் பிற்பாடு வேறு பதார்த்தங்களைத் தேடினர். ஜப்பானின் டகாட்டா கம்பெனி, மலிவாகவும் சிறிய குப்பிக்குள் அடங்குவதாகவும் இருந்த அம்மோனியம் நைட்ரேட்டைத் தேர்ந்தது. அந்த உப்பின் படிக அமைப்பு சுமார் 32 டிகிரியிலேயே மாறிப் பருமனும் மாறும். வெயிலும் ஈரமும் மிகுந்த ஊர்களில் ஆண்டுக்கணக்காக, குப்பிக்குள் இருந்த அந்த உப்பு வில்லைகள் இவ்வாறு விரிந்து சுருங்கிப் பொடிந்தன. பொடிந்த வில்லைக்குப் பரப்பு அதிகம். பரப்பு அதிகமாகவே எரியும் வேகமும் அதிகம். அந்த அழுத்தத்தைத் தாங்காத உலோகக் குப்பி சில வண்டிகளில் சிதறி, காக்க வந்த சாதனமே உயிர் குடித்தது. உலகெங்கும் கோடிக்கணக்கான வண்டிகளைத் திரும்ப அழைக்க நேர்ந்து, 2017இல் அந்தக் கம்பெனி திவாலாயிற்று. ஈரத்துக்கு அவ்வளவாக இளகாத குவானிடின் நைட்ரேட்டை, குப்பியின் பருமன் சற்றுக் கூடினாலும் சரியென்று, பிற உற்பத்தியாளர்கள் கைக்கொண்டிருக்கிறார்கள்.