ஊதச் சொன்னால் ஊதுக

இரவில் மும்பைச் சாலைகளில் மோட்டார் சைக்கிளில் திரும்பும் மாணவர்களுக்கு ‘நாகாபந்தி’ என்னும் சொல்லை விளக்க வேண்டியதில்லை. சாலையின் குறுக்கே தடுப்புகளை வைத்துப் போலீசார் வண்டிகளை நிறுத்திச் சோதிப்பதற்கு இங்கே அதுதான் பெயர். சில வாரங்களுக்கு முன், ஒரு விருந்து முடிந்து வரும்போது, நானும் ஒரு நண்பரும் அவ்வாறு நிறுத்தப்பட்டோம். நண்பர் பீர் அருந்தியிருந்தார். எனக்கு அப்பழக்கம் இல்லை. “நான் நிதானமாகத்தான் இருக்கிறேன், சாவியைக் கொடு” என்று அவர் வாதாடியும் கேளாமல் நானே வண்டியை ஓட்டி வந்தேன். எங்களிடம் மது வாடை வீசியதால், போலீஸ் அதிகாரி கருவியை நீட்டி என்னை ஊதச் சொன்னார். ஊதினேன்; கருவி சைபர் காட்டியது. போகலாம் என்று கையசைத்து விட்டார்.

அறைக்கு வந்ததும் நண்பர் கேட்டார்: “தள்ளாடாமல் நிற்பவனை ஒரு கருவி குற்றவாளி ஆக்கி விடுமா? ஊத மறுத்தால் என்ன செய்வார்கள்?” விடை தேடிச் சட்டத்தைப் புரட்டினேன். கண்டவற்றை அன்பர்களுக்கும் சொல்கிறேன்.

1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, வண்டியைச் சரிவர ஓட்டும் திறனை இழக்கும் அளவுக்குக் குடித்திருந்தால்தான் குற்றம். அந்த அளவை எதைக் கொண்டு காண்பது? வாடை, நடை, பேச்சு, கண் இவற்றைக் கொண்டு ஊகிக்க வேண்டியிருந்தது. மகாராஷ்டிரத்து வழக்கொன்றில், இரத்தமும் சிறுநீரும் சோதிக்கப்படாத நிலையில் இவ்வடையாளங்களை மட்டும் நம்பி முடிவு கட்ட இயலாது என்று 1971-இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.

1988-ஆம் ஆண்டுச் சட்டம், இரத்தத்தில் மது எவ்வளவு சிறிதாயினும் இருத்தலாகாது என்று முதலில் விதித்தது. 1994-இல் அது திருத்தப்பட்டு, 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் குற்றம் என்றாயிற்று. ஆகவே, “நிதானமாக இருக்கிறேன்” என்பது இங்கே விடையாகாது. கேட்கப்படுவது அளவு ஒன்றே.

மூச்சைக் கொண்டு இரத்தத்தை அறிவது எங்ஙனம்? இரத்தத்தில் கலந்த மது நுரையீரலை அடையும்போது ஒரு சிறு பகுதி ஆவியாகி மூச்சில் சேர்கிறது. ஏறத்தாழ 2,100 மில்லிலிட்டர் மூச்சில் உள்ள மது, 1 மில்லிலிட்டர் இரத்தத்தில் உள்ள மதுவுக்குச் சமம் என்று கொள்கிறார்கள். கருவியினுள் பிளாட்டினத் தகட்டில் அந்த ஆவி படும்போது மின்னோட்டம் உண்டாகிறது. மது மிகுந்தால் மின்னோட்டமும் மிகும். நுரையீரலின் ஆழத்து மூச்சு தேவை என்பதால்தான் நீளமாக ஊதச் சொல்கிறார்கள். ஏலக்காயும் வெற்றிலையும் மூக்கை ஏமாற்றலாம், கருவியை ஏமாற்றா. ஆயினும், மதுச்சத்துள்ள மருந்தால் அப்போதுதான் வாய் கொப்பளித்தவருக்குக் கருவி தவறாக மிகுத்துக் காட்டக் கூடும். கால் மணி நேரம் கழித்து ஊதினால் அக்குறை நீங்கும்.

போலீசாருக்கும் வரம்பு உண்டு. 203-ஆம் பிரிவின்படி, ஊதச் சொல்பவர் சீருடையில் இருத்தல் வேண்டும். ஐயுறுவதற்குத் தக்க காரணமும் வேண்டும். மது அருந்தியிருப்பதாக ஐயம் இருக்கும்போது ஊத மறுப்பவரை வாரண்டு இன்றிக் கைது செய்யலாம். அம்மறுப்பே வழக்கில் அவருக்கு எதிரான துணைச் சான்றாகும். ஆனால் கைதானவரை 2 மணி நேரத்துக்குள் மருத்துவச் சோதனைக்கு உட்படுத்தாவிடில் விடுவித்தாக வேண்டும். குற்றம் உறுதிப்பட்டால், 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, முதன்முறைக்கு 6 மாதம் வரை சிறையோ, 10,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். மீண்டும் செய்தால் சிறை 2 ஆண்டு வரையிலும், அபராதம் 15,000 ரூபாயாகவும் உயரும்.

அன்று வாடையை மட்டும் நம்பியிருந்தால் நானும் குற்றவாளியாகத் தோன்றியிருப்பேன். என்னைக் காத்தது அந்தக் கருவியே. குடித்தவரைக் காட்டிக் கொடுப்பது போலவே குடியாதவருக்கு அது சாட்சியும் சொல்கிறது. ஆனால் சாலையில் நடந்து செல்பவரைக் காக்க, தடுப்பில் நிற்கும் கருவி மட்டும் போதாது. நாகாபந்தி இல்லாத சாலைகளே மிகுதி. அங்கே சோதனை செய்ய வேண்டியவர்கள் நாமே. சாவியைக் கையில் எடுக்கும் முன்பே அதைச் செய்துவிட வேண்டும். இதைச் சொன்னபோது நண்பர் மறுமொழி கூறவில்லை. ஆனால் அடுத்த விருந்துக்குப் புறப்படும்போது சாவியை அவரே என்னிடம் கொடுத்து விட்டார்.