கலரு நல்லாத்தான் இருக்கு... கேப்ஸ்யூல் வேணாம்ப்பா!

கேன்டீன்ல க்ரீம் பிஸ்கட் வாங்கினா, பிரிக்கிறதுக்கு முன்னாடி கவரைத் திருப்பி நம்பரைப் படிக்கிறது என்னோட கெட்ட பழக்கம். 102, 110-னு இருந்தா செயற்கைச் சாயம். 100 இருந்தா மஞ்சள்ல இருந்து எடுத்த குர்குமின். 160ஏ-ன்னு போட்டிருந்தா, கேரட்டுக்கு ஆரஞ்சு கலர் கொடுக்கிற கரோட்டின் வகை. 'இயற்கை நிறமா? அப்போ கேன்சரே கிட்ட வராது மச்சி!'னு அடிச்சுவிடற கோஷ்டி எங்க ஹாஸ்டல்லயும் உண்டு. போன தீபாவளி வரைக்கும் நானும் அந்தக் கோஷ்டிதான்.

தீபாவளிக்கு அமெரிக்காவுல இருந்து வந்திருந்த அத்தை பையன், அப்பா கையில ஒரு பாட்டிலைத் திணிச்சார். பீட்டா கரோட்டின் கேப்ஸ்யூல். ''நீங்க சிகரெட்டை விடப்போறதில்லை மாமா. இதையாவது போடுங்க, நுரையீரலுக்குப் பாதுகாப்பு!'' அப்பா ஒரு நாளைக்குப் பத்து சிகரெட் ஆசாமி. ரொம்ப சந்தோஷமா வாங்கிக்கிட்டார். அது என்னதான் செய்யும்னு தேடிப் பார்த்தப்பதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு.

கேரட், கீரைனு வெளுத்துக் கட்டுறவங்களுக்கு நுரையீரல் புற்றுநோய் கம்மியா இருக்குனு ஆய்வாளர்கள் முன்னாடியே கவனிச்சிருக்காங்க. 'அப்போ அந்தக் கலரைப் பிரிச்சு மாத்திரையா கொடுத்தா என்ன?' நியாயமான கேள்விதானே! பின்லாந்துல 50 முதல் 69 வயசு வரை உள்ள, சிகரெட் பிடிக்கிற 29,133 ஆண்களைச் சேர்த்தாங்க. அதுல பாதிப் பேருக்குத் தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின். 1994-ல ரிசல்ட் வந்துச்சு. மாத்திரை சாப்பிட்டவங்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவிகிதம் அதிகம்!

ஏதோ தற்செயல்னு ஒதுக்கவும் முடியலை. அமெரிக்காவுல புகைபிடிக்கிறவங்க, விட்டவங்க, ஆஸ்பெஸ்டாஸ் தூசியில வேலை பார்த்தவங்கனு 18,314 பேர் கலந்துக்கிட்ட இன்னொரு ஆய்வு. பீட்டா கரோட்டினோட வைட்டமின் ஏ-யும் கொடுத்தாங்க. 28 சதவிகிதம் அதிகம்! 1996 ஜனவரியில, திட்டமிட்டதுக்கு 21 மாசம் முன்னாடியே மாத்திரையை நிறுத்திட்டாங்க.

லாஜிக் எங்கே இடிச்சது? மோட்டார் ஓடுறப்ப பேனல்ல இண்டிகேட்டர் லைட் எரியும். அதுக்காக லைட்டைப் பெருசா மாட்டினா மோட்டார் வேகமா ஓடிடுமா பாஸ்? காய்கறி நிறைய சாப்பிடறவங்க பொதுவா சிகரெட்டையும் கம்மியாத்தான் தொடுவாங்க. தட்டுல நார்ச்சத்துல இருந்து இன்னும் என்னென்னவோ இருக்கு. கரோட்டின் வெறும் இண்டிகேட்டரா இருந்திருக்கலாம். அதுபோக, புகை மண்டின நுரையீரல்ல ஏகப்பட்ட கரோட்டின் சேர்ந்தா அது உடைஞ்சு, அந்தத் துண்டுகளே செல்லைக் கெடுக்கலாம்னு சந்தேகப்படறாங்க. கேரட் பொரியலுக்கும் பிஸ்கட்ல இருக்கிற துளிக் கலருக்கும் இந்தப் பயம் கிடையாது.

'சரி, நம்ம மஞ்சள்?'னு கேட்பீங்க. சாதாரணமா குர்குமின் ரத்தத்துல ஒட்டவே ஒட்டாது. வந்த வழியே போயிடும். மிளகுல உள்ள பைப்பரினைச் சேர்த்தா உடம்புல சேர்றது பல மடங்கு கூடுதுனு 1998-ல பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மெடிக்கல் காலேஜ்ல கண்டுபிடிச்சாங்க. மஞ்சள் பால்ல மிளகு தட்டிப் போடற எங்க பாட்டி இதைக் கேட்டு அலட்டிக்கவே இல்லை! ஆய்வுக்கூடத் தட்டுல இருக்கிற புற்றுநோய் செல்லை குர்குமின் அடக்குது, நிஜம். ஆனா மனுஷங்களுக்குப் புற்றுநோய் வராமத் தடுத்ததா இதுவரைக்கும் நிரூபணம் இல்லை. ஹெவி டோஸ் மஞ்சள் கேப்ஸ்யூல் சாப்பிட்டுக் கல்லீரல் கெட்டுப்போன சம்பவங்களும் பதிவாகியிருக்கு. ரசத்துல போடற மஞ்சள்தூளை இதுல சேர்க்காதீங்க.

பிரின்ட்-அவுட்டோட அப்பாகிட்ட போனேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு முழுசாப் படிச்சார். ''அப்போ மாத்திரைதான் டேஞ்சர்ங்கிற?''

''சிகரெட்டோட சேர்ந்தா டேஞ்சர்ப்பா. ரெண்டுல ஒண்ணைத் தூக்கிப் போடணும்னா எதைப் போடணும்னு உங்களுக்கே தெரியும்.''

ஒண்ணும் பேசாம, பாட்டிலை மட்டும் குப்பையில போட்டார். சட்டைப் பையில இருந்த பாக்கெட் அங்கேயேதான் இருந்துச்சு. ஆனா ராத்திரி அம்மா போன்ல சொன்னாங்க, ''இன்னிக்கு ஆறுதான்டா.'' பின்னாடியில இருந்து அப்பா குரல், ''அஞ்சு!''