கீச்சிடும் பின் சக்கரம்!

குடும்பத்தோடு கொடைக்கானலுக்குப் புறப்படுகிறார்கள். டிக்கியில் பெட்டி ஏறிவிட்டது. முறுக்கு டின்னும் ஏறிவிட்டது. பெட்ரோல் போட்டாயிற்று. டயருக்குக் காற்று அடித்தாயிற்று.

பிரேக்கைப் பார்த்தார்களா? அதிலும் பின் சக்கரத்துப் பிரேக்கை?

சின்னக் கார்கள் பலவற்றில் பின்னால் இருப்பது "டிரம்" பிரேக். விலை கூடிய கார்களில் நான்கு சக்கரத்துக்கும் "டிஸ்க்" பிரேக். 1953-ம் ஆண்டில், பிரான்சில் லெ மான் என்ற ஊரில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில் "ஜாகுவார்" கார் ஜெயித்தது. அந்தக் காரில் இருந்தது டிஸ்க் பிரேக்தான்!

டிஸ்க் என்பது தோசைக்கல் போன்ற இரும்புத் தட்டு. சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும். பெடலை மிதித்தால், "காலிப்பர்" என்ற இடுக்கி அதை இரு பக்கமும் கவ்வும். கவ்வும் இடத்தில் இருப்பவை "பேட்"கள்.

பேட் தேயத் தேய மெலியும். 3 மில்லி மீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும். பல பேட்களில் ஒரு சிறு தகடு உண்டு. பேட் தேய்ந்ததும் அது டிஸ்க்கில் உரசிக் கீச்சிடும். சிலர் அப்போது ரேடியோவைச் சத்தமாக வைத்துக் கொள்கிறார்கள்!

கழற்றிப் பார்ப்பது எப்படி?

காரைச் சமதரையில் நிறுத்த வேண்டும். முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க வேண்டும். ஹேண்ட் பிரேக்கைத் தளர்த்த வேண்டும். அது பிடித்திருப்பது பின் சக்கரத்தைத்தானே! ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்திய பிறகே சக்கரத்தைக் கழற்றலாம். பேட் தூளை வாயால் ஊதக் கூடாது. நெஞ்சுக்கு ஆகாது.

ஒரு பேட் தேய்ந்து, மற்றது புதிதுபோல் இருக்கிறதா? காலிப்பர் நகரும் பின் இறுகிவிட்டது. பின் பிரேக்குக்கு வேலை குறைவு. அதனால் துருவும் சேறும் எளிதில் பிடித்துக்கொள்ளும். சுத்தம் செய்து, அதற்கென்றே உள்ள கிரீசைத் தடவ வேண்டும். டிஸ்க்கையும் அளக்க வேண்டும். எவ்வளவு வரை தேயலாம் என்ற கணக்கு பெரும்பாலும் அதிலேயே பொறித்திருக்கும்.

கழற்றிய காலிப்பரை ரப்பர் குழாயில் தொங்க விடக் கூடாது. கம்பியால் கட்டி வைக்க வேண்டும்.

புதுப் பேட் தடிமனாக இருக்கும். ஆகவே பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். முன் சக்கரத்தில் நேராகத் தள்ளினால் போகும். பின் சக்கரத்தில், பல கார்களில், திருகிக்கொண்டே தள்ள வேண்டும். ஹேண்ட் பிரேக்கின் திருகு உள்ளேயே இருக்கிறது. பலவந்தமாக அழுத்தினால் காலிப்பரே வீண்! பட்டனை அழுத்தும் ஹேண்ட் பிரேக் என்றால், கம்ப்யூட்டர் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

எல்லாம் மாட்டியாயிற்று. நட்டும் முறுக்கியாயிற்று. கிளம்பலாமா?

கூடாது! பிஸ்டன் உள்ளே போயிருக்கிறது. முதல் மிதியில் பெடல் தரை வரை போய்விடும். பிரேக் பிடிக்காது! ஷெட்டில் நின்றபடியே மெதுவாகப் பல தடவை மிதிக்க வேண்டும். பெடல் கெட்டியாகிக் காலை எதிர்த்து நிற்கும். பிறகு பிரேக் ஆயில் அளவைப் பார்த்துவிட்டு, தெருவிலேயே மெல்ல ஓட்டி, நிறுத்திப் பார்க்க வேண்டும்.

அதன் பிறகு பிள்ளைகளை ஏற்றலாம்.