ஆளில்லாத அறையில் கணினி எழும்ப வேண்டும்

2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகல். பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு செய்த வேலையால் இலங்கை முழுக்கக் கரண்ட் நின்றது. சில மணித்தியாலங்களில் யாழ்ப்பாணத்துக்குக் கரண்ட் திரும்பிவிட்டது. பூட்டிக் கிடந்த உங்கள் அலுவலகத்தில் கணினி திரும்பியதா?

கொக்குவிலில் ஒரு சிறிய தட்டச்சு நிலையம் என்று வையுங்கள். இருப்பது ஒரேயொரு லினக்ஸ் கணினி. அதில் வேலை செய்வோர் நாலு பேர். ஒருவர் பருத்தித்துறையில், ஒருவர் சாவகச்சேரியில், ஒருவர் மானிப்பாயில், மற்றவர் ரொறன்ரோவில். எல்லோரும் விஎன்சி (தூரத்துக் கணினியின் திரையை உங்கள் திரையில் காட்டும் ஏற்பாடு) வழியாகத்தான் வருகிறார்கள். அன்றைக்கு யாராவது சைக்கிளில் போய்க் கதவைத் திறந்தால்தான் நாலு பேருக்கும் வேலை.

ஏன் விஎன்சி தானாக வரவில்லை? யாரோ ஒருவர் முன்பு உள்நுழைந்து கையால் தொடக்கிவிட்டதுதான் ஓடிக்கொண்டிருந்தது. கரண்ட் போனதோடு அதுவும் போய்விட்டது. அந்தப் பொறுப்பை சிஸ்டம்டியிடம் (கணினி எழும்பும்போது எதை எந்த வரிசையில் தொடக்குவது என்று பார்க்கும் மேற்பார்வையாளன்) கொடுக்க வேண்டும்.

அதற்கான கட்டளைகளை நாலு பேருக்கு நாலு தரம் எழுத வேண்டுமா? வேண்டாம். டைகர்விஎன்சி என்ற இலவச மென்பொருளின் புதிய பதிப்புகளில் எல்லோருக்கும் பொதுவான ஒரு வார்ப்புரு இருக்கிறது. நீங்கள் செய்வது, அதன் பயனர் பட்டியலில் ஆளுக்கொரு வரி சேர்ப்பது: இலக்கம் 1 இன்னாருக்கு, 2 இன்னாருக்கு. 5900உடன் அந்த இலக்கத்தைக் கூட்டினால் அவரவர் வாசல் (போர்ட்) கிடைக்கும். முதலாமவருக்கு 5901, நாலாமவருக்கு 5904.

விஎன்சி கடவுச்சொல்லை அவரவர் தங்கள் கணக்கில் நின்றே வைக்க வேண்டும். நிர்வாகி தன் கணக்கில் வைத்தால் அது நிர்வாகிக்குத்தான் சேரும்.

பலர் சறுக்கும் இடம் இனித்தான். சிஸ்டம்டியில் ‘ஸ்டார்ட்’ வேறு, ‘இனேபிள்’ வேறு. முதலாவது இப்போதைக்கு மட்டும் ஓடவைக்கும். இரண்டாவதுதான் ஒவ்வொரு முறை கணினி எழும்பும்போதும் ஓடவைக்கும். ஸ்டார்ட் மட்டும் கொடுத்தாலும் அன்றைக்கு எல்லாம் ஒழுங்காகத் தெரியும். அடுத்த மின்வெட்டில்தான் விஷயம் வெளிப்படும். நாலு இலக்கங்களுக்கும் தனித்தனியே இனேபிள் கொடுங்கள்.

அப்படியானால் பாதி தட்டிய பக்கம் திரும்பி வருமா? உங்கள் வீட்டு இன்ரநெற் அறுந்தால் வரும்; அங்கே திரை விட்ட இடத்திலேயே காத்திருக்கும். கொக்குவிலில் கரண்ட் போனால் வராது. புதிதாக எழும்புவது வெறும் திரைதான், சேமிக்காதது சேமிக்காததுதான். ஆகவே லிப்ரே ஆபிஸின் தானியங்கிச் சேமிப்பை இரண்டு நிமிடத்துக்கு வையுங்கள். ஒரு யூபிஎஸ்ஸும் வாங்குங்கள். கணினியை ஒழுங்காக நிறுத்தவாவது நேரம் தரும்.

கரண்ட் வந்ததும் பெட்டி தானே ‘ஒன்’ ஆகுமா? பெரும்பாலும் ஆகாது. பயோஸில் (லினக்ஸுக்கு முன்பே விழிக்கும் அடிப்படை மென்பொருள்) ‘மின்சாரம் திரும்பினால் எழும்பு’ என்ற தெரிவை நீங்கள்தான் போட வேண்டும். இதை மறந்தால் மேலே சொன்னதெல்லாம் வீண். வன்தட்டைப் பூட்டி, எழும்பும்போது கடவுச்சொல் கேட்கும்படி வைத்திருந்தாலும் அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

வெளியார் புகுந்துவிடுவார்களோ? பயம் நியாயமானதே. வழமையான விஎன்சி கடவுச்சொல்லில் முதல் எட்டு எழுத்துகள்தான் கணக்கில் வரும். ஆகவே 5901ஐ றவுட்டரில் உலகத்துக்குத் திறந்து விடாதீர்கள். விஎன்சி அந்தக் கணினிக்குள்ளிருந்து வரும் இணைப்பை மட்டும் ஏற்கட்டும். வெளியிலிருந்து வருபவர் எஸ்எஸ்எச் (பூட்டிய சுரங்கப்பாதை போன்ற இணைப்பு) வழியாக வரட்டும். ரொறன்ரோக்காரருக்கு ஒரு படி கூடுதல் வேலை, முணுமுணுக்கத்தான் செய்வார்.

எல்லாம் முடிந்ததும் கணினியை மறுதொடக்கம் செய்துவிட்டு, திரையில் யாரும் உள்நுழையாமல் கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள். அங்கிருந்து எஸ்எஸ்எச் வழியாக நாலு வாசலையும் தட்டிப் பாருங்கள். மூன்று திறந்து 5903 மட்டும் திறக்காவிட்டால், மூன்றாமவர் கடவுச்சொல் வைத்தாரா, அவருடைய இலக்கத்துக்கு இனேபிள் கொடுத்தீர்களா என்று பாருங்கள். பிறகொரு நாளில் அப்படி நடந்தால், அவர் அலுவலகத்துக்கு வந்து நேரே அந்தக் கணினியில் உள்நுழைந்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். ஒரே ஆள் ஒரே நேரத்தில் இரண்டு திரையில் இருப்பது லினக்ஸில் பெரும்பாலும் சரிவராது.