‘ஆபத்து என்று நிரூபியுங்கள்!’

சென்ற வாரம், மேலதிகாரியிடம் கெட்ட செய்தியை எப்படிச் சொல்வது என்று பார்த்தோம். இந்த வாரம் மேஜையின் மறுபக்கம். கெட்ட செய்தியைக் கேட்க வேண்டியவர் அதை எப்படிக் கேட்கிறார்? இதைப் புரிந்துகொள்ள, 1986 ஜனவரி 27 இரவு அமெரிக்காவில் நடந்த ஒரு தொலைபேசிக் கூட்டத்தைவிடப் பெரிய பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

மறுநாள் காலை புளோரிடாவிலிருந்து சேலஞ்சர் விண்கலம் கிளம்ப வேண்டும். ஏழு பேர் போகிறார்கள். அவர்களில் கிறிஸ்டா மெக்காலிஃப் என்ற பள்ளி ஆசிரியையும் ஒருவர். அன்றிரவு புளோரிடாவில் வழக்கத்துக்கு மாறான குளிர். விண்கலத்தைத் தூக்கிச் செல்லும் பூஸ்டர் ராக்கெட்டுகளைச் செய்தது, யூட்டா மாநிலத்தில் இருந்த மார்ட்டன் தயோகால் நிறுவனம். அங்கே துண்டு துண்டாகச் செய்து, ரயிலில் அனுப்பி, புளோரிடாவில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூட்டுவார்கள். பூட்டிய இடத்தில் உள்ளே எரியும் வாயு கசியாமலிருக்க இரண்டு ரப்பர் வளையங்கள். ஓ-ரிங் என்று பெயர். குக்கர் மூடியில் காஸ்கெட் செய்கிற வேலைதான். குளிரில் ரப்பர் விறைத்துக்கொள்ளும். இடைவெளியை அடைக்க வேண்டிய கணத்தில் அடைக்காது.

தயோகால் இன்ஜினீயர் ரோஜர் போஜோலேவுக்கு இது கற்பனைப் பயம் அல்ல. ஓராண்டுக்கு முன், குளிர்நாள் ஒன்றில் பறந்து திரும்பிய பூஸ்டரில், முதல் வளையத்தைத் தாண்டிக் கரி படிந்திருந்ததைக் கண்ணால் பார்த்தவர். இதைச் சரிசெய்யாவிட்டால் உயிர்கள் போகும் என்று 1985 ஜூலை 31-ஆம் தேதியே மேலிடத்துக்கு எழுதியும் கொடுத்திருந்தார்.

கூட்டத்தில் இன்ஜினீயர்கள் தெளிவாகவே சொன்னார்கள்: ஏறத்தாழ 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே பறந்த அனுபவம் நமக்கு இல்லை, பறக்க வேண்டாம். நிறுவனமும் முதலில் அதையே சொன்னது. மறுமுனையில் இருந்த நாசா அதிகாரிகள் கொதித்தார்கள். அப்படியானால் ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டுமா என்று கேட்டார் ஒருவர். ஐந்து நிமிடம் கொடுங்கள், எங்களுக்குள் பேசிக்கொள்கிறோம் என்றது தயோகால். அந்த ஐந்து நிமிடம் அரை மணி நேரமாக நீண்டது.

அந்த அரை மணி நேரத்தில்தான் எல்லாம் புரண்டது. போஜோலேவும் சக இன்ஜினீயர் ஆர்னி தாம்சனும் எழுந்து போய், நிர்வாகிகள் முன்னால் படங்களையும் வரைபடத்தையும் வைத்து மன்றாடினார்கள். முகம்கொடுத்துக் கேட்க ஆளில்லை. பொறியியல் துறைத் தலைவர் ராபர்ட் லண்ட் தயங்கியபோது, இன்ஜினீயர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகத் தொப்பியைப் போட்டுக்கொள்ளும்படி அவரிடம் சொல்லப்பட்டது. நான்கு நிர்வாகிகள் மட்டும் கூடி முடிவெடுத்தார்கள்: பறக்கலாம்.

இதில் என்னைத் தூங்கவிடாத விஷயம் ஒன்று உண்டு. எப்போதும் இன்ஜினீயர்களிடம் கேட்கப்படும் கேள்வி, ‘பறப்பது பாதுகாப்பு என்று காட்டுங்கள்’ என்பது. அன்றிரவு கேள்வி தலைகீழானது: ‘ஆபத்து என்று நிரூபியுங்கள்!’ போஜோலே பின்னாளில் விசாரணையில் இதைத்தான் சொன்னார். இன்ஜினீயர்களிடம் கவலை இருந்தது, கரி படிந்த படங்கள் இருந்தன. ஐயத்துக்கு இடமில்லாத நிரூபணம் இல்லை. அது இருந்திருக்கவும் முடியாது, இதற்கு முன் யாரும் அந்தக் குளிரில் பறந்ததில்லையே! நிரூபிக்கும் சுமையை யார் தோளில் வைக்கிறோம் என்பதில் ஒரு தலைவரின் அறம் தெரிந்துவிடுகிறது.

தொலைபேசி இணைப்பு மீண்டும் வந்தபோது, யாருக்காவது மாற்றுக் கருத்து உண்டா என்று கேட்டார்கள். பதில் இல்லை. அந்த மௌனத்தை நான் கோழைத்தனம் என்று சொல்லமாட்டேன். முதலாளி முடிவைச் சொன்ன பிறகு கேட்கப்படும் அந்தக் கேள்வி, பதிலை எதிர்பார்த்துக் கேட்கப்படுவது அல்ல.

தயோகால் சார்பில் புளோரிடாவில் இருந்த ஆலன் மெக்டொனால்டு மட்டும் ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட மறுத்தார். கையெழுத்து யூட்டாவிலிருந்து ஃபேக்ஸில் வந்தது. மறுநாள் காலை 11.38. ஏவுதளத்தில் வெப்பம் 2 டிகிரி. 73-வது வினாடியில் சேலஞ்சர் சிதறியது. ஏழு பேரும் இறந்தார்கள். இறுதி உத்தரவு கொடுத்த நாசா தலைமைக்கு, முந்தின இரவு இப்படியொரு விவாதம் நடந்ததே தெரியாது என்று ரோஜர்ஸ் விசாரணைக் குழு கண்டது.

மெக்டொனால்டு அந்தக் குழுவிடம் உண்மையை எழுந்து நின்று சொன்னார். நிறுவனம் அவரைப் பதவியிறக்கியது. அமெரிக்க நாடாளுமன்றம் தலையிட்டதும், பூஸ்டரின் அதே இணைப்பைத் திருத்தி வடிவமைக்கும் பொறுப்பு அவரிடமே வந்தது. 1988 செப்டம்பரில் விண்கலங்கள் மீண்டும் பறந்தன. வேலையை விட்ட போஜோலே, 2012-இல் இறக்கும்வரை இன்ஜினீயரிங் மாணவர்களிடம் தொழில் அறம் பற்றிப் பேசினார்.

ராக்கெட் விடுகிறவர்களுக்கு மட்டுமான கதையா இது? பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்கிறார் பள்ளி வேன் டிரைவர். “நேத்து வரைக்கும் ஓடிச்சில்ல?” என்கிறார் உரிமையாளர். நோயாளியின் மூச்சு சரியில்லை என்கிறார் இரவுப் பணி நர்ஸ். “ரிப்போர்ட் நார்மல்தானேம்மா” என்கிறார் டாக்டர். பிரச்சினையோடு வராதே, தீர்வோடு வா என்று பெருமையாகச் சொல்லும் மேலாளர்கள் எத்தனை பேர்! தீர்வு தெரியாதவர் கண்ணில்தான் சில சமயம் ஆபத்து முதலில் படுகிறது. அவரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறோம்.

உங்களுக்குக் கீழே நான்கு பேர் வேலை பார்க்கிறார்கள் என்றால், இந்த வாரக் கூட்டத்தில் உங்கள் கருத்தைக் கடைசியாகச் சொல்லுங்கள். இருப்பவர்களில் இளையவரிடம் முதலில் கேளுங்கள். “இதில் எது தப்பாகப் போகலாம்?” என்றே கேளுங்கள். அவர் தயங்கித் தயங்கி ஏதாவது சொன்னால், ஆதாரம் எங்கே என்று உடனே மடக்காதீர்கள். ஆதாரம் தேடும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அதுவரை வேன் நிற்கட்டும்.