குட்டநாட்டு நீர்வழிகள்

ஆறுகள் மலையிற் பிறந்து கடலிற் கலக்கும் என்பது யாவரும் அறிந்ததே. கடலைச் சேருமுன் நான்கு ஆறுகள் ஒருங்கே பரந்து தங்கிச் செல்லும் தாழ்நிலம் ஒன்று கேரள மாநிலத்தில் உண்டு. அங்கே ஆற்றின் நீர்மட்டம் உயர்ந்தும் வயல் தாழ்ந்தும் இருக்கும். வீட்டு வாயிலிலே படகு வந்து நிற்கும். நெல் விளையும் நிலம் கடல் மட்டத்திற்கும் கீழே கிடக்கும். அந்நிலப்பகுதியே குட்டநாடு ஆகும்.

குட்டம் என்னும் சொல்லுக்கு ஆழம் என்றும் குளம் என்றும் தமிழிற் பொருள் உண்டு. ஆழ்ந்த நீர்நிலைகள் நிறைந்த நாட்டிற்கு இப்பெயர் மிகவும் பொருந்தும். செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்த பன்னிரு நாடுகளுள் ஒன்றாக இதனைப் பழைய இலக்கண உரையாசிரியர்கள் எண்ணினர். சேர மன்னர் சிலர் குட்டுவன் என்னும் பெயர் பூண்டமையும் இந்நாட்டை ஆண்ட உரிமை பற்றியே என்பர் அறிஞர்.

மேற்குத் தொடர்ச்சி மலையினின்று இறங்கும் பம்பை, மணிமலையாறு, அச்சன்கோவிலாறு, மீனச்சிலாறு ஆகிய நான்கும் குட்டநாட்டின் வழியே ஓடி வேம்பநாட்டுக் காயலை அடைகின்றன. கடலை அடுத்து, இடையே ஒரு மணற்கரையால் பிரிக்கப்பட்டுக் கிடக்கும் நீர்ப்பரப்பையே காயல் என்பர். வேம்பநாட்டுக் காயல் ஏறத்தாழ 96 கிலோமீட்டர் நீளமுடையது; இந்தியாவிலேயே மிக நீளமான ஏரியாகக் கருதப்படுவது. மழைக்காலத்தில் ஆற்றுவெள்ளம் இதனை நன்னீரால் நிரப்பும். கோடையில் ஆறுகள் மெலிய, கொச்சித் துறைமுகத்து முகத்துவாரம் வழியே கடல்நீர் உட்புகும். இவ்வாறு நன்னீரும் உவர்நீரும் மாறிமாறி வருதலே இக்காயலின் இயல்பு.

இந்நாட்டைக் காண வருவோர் பெரும்பாலும் ஆலப்புழை நகரிலிருந்தே புறப்படுவர். காயலிலிருந்து கடல்துறைக்குச் சரக்குகளைக் கொண்டுசெல்ல வெட்டப்பட்ட கால்வாய்கள் அந்நகரின் நடுவே இன்றும் உள்ளன. அதனால் அதனைக் 'கிழக்கின் வெனிஸ்' என்று அழைப்பதுண்டு. நகரத்துப் படகுத்துறையிலிருந்து அரசின் பயணப் படகுகள் பல ஊர்களுக்கும் செல்கின்றன. மாணவரும், ஆசிரியரும், சந்தைக்குச் செல்வோரும் அவற்றில் ஏறி இறங்குவர். பிற ஊர்களில் பேருந்து செய்யும் பணியை இங்கே படகு செய்கிறது. இரு மருங்கிலும் ஒடுங்கிய கரைகள். கரைமேல் தென்னை வரிசை. தென்னை நிழலில் வீடுகள். வீடுகளுக்குப் பின்னே, படகினின்று குனிந்து நோக்கும் ஆழத்தில், பச்சை வயல்கள். அறுவடை முடிந்த வயல்களில் வாத்துக் கூட்டங்கள் மேயும் காட்சி கண்ணுக்கு விருந்தாகும்.

குட்டநாட்டுப் படகுகளுள் கெட்டுவள்ளம் குறிப்பிடத்தக்கது. மரப்பலகைகளை ஆணியின்றித் தேங்காய் நார்க்கயிற்றால் தைத்து இணைத்து, முந்திரிக்கொட்டை ஓட்டினின்று எடுத்த நெய்யைப் பூசி, இதனை அமைப்பர். சாலைகள் பெருகுமுன் நெல்லும் மிளகும் இவ்வள்ளங்களிலேயே சென்றன. பந்தயத்திற்குரிய சுண்டன் வள்ளமோ நூறடிக்கு மேல் நீளமுடையது. பாம்பு படமெடுத்தாற்போல் உயர்ந்த பின்புறம் வாய்ந்தது. 1952ஆம் ஆண்டு ஆலப்புழைக்கு வந்த தலைமை அமைச்சர் நேரு, இவ்வள்ளங்களின் பந்தயத்தைக் கண்டு மகிழ்ந்து, வெற்றிபெற்ற வள்ளத்தில் தாமே தாவி ஏறினார். பின்னர் அவர் அனுப்பிய வெள்ளிக் கோப்பையின் பெயராலேயே புன்னமடைக் காயலில் இன்றும் பந்தயம் நடைபெறுகிறது.

இக்காட்சிகளைக் கண்டு மகிழும் பயணிகளுள், தாம் காணும் நிலம் எவ்வாறு உண்டாயிற்று என்பதை எண்ணுவோர் சிலரே. குட்டநாட்டு வயல்களுள் பெரும்பகுதி இயற்கை தந்தது அன்று. காயலினின்று மனிதர் மீட்டது. முதலில், நீரினடியில் தென்னைமரக் கழிகளை இரு வரிசையாக நெருக்கமாக அடித்து இறக்குவர். மூங்கில் தட்டிகளால் அவற்றை மறைத்து, நடுவே மணலும் தழையும் களிமண்ணும் இட்டு நிரப்புவர். அக்களிமண்ணைத் தொழிலாளர் காயலில் மூழ்கி, அடித்தரையிலிருந்து கட்டி கட்டியாக வெட்டி எடுத்தனர். இவ்வாறு நாற்புறமும் வரம்பு எழுந்தபின், உள்ளே நின்ற நீரை வெளியே இறைத்தனர். நீர் வற்றியதும் அடியிற் கிடந்த வண்டல் வயலாயிற்று.

நீரை வெளியேற்றுவது எளிய செயல் அன்று. பழங்காலத்தில் இலைகள் பொருத்திய மரச்சக்கரத்தின்மேல் ஆடவர் வரிசையாக அமர்ந்து, இரவும் பகலும் காலால் மிதித்து இறைத்தனர். பிற்காலத்தில் பெட்டியும் பறையும் என்னும் பொறி வந்தது. பறை என்பது உருளை வடிவான கூடு. அதனுள்ளே சுழலும் விசிறி நீரை மேலே தள்ளும். அந்நீர் பெட்டி எனப்படும் மரக்கால்வாய் வழியே வரம்பைக் கடந்து வெளியே பாயும். 1940களில், உணவுப் பஞ்சம் நிலவிய காலத்தில், முரிக்கன் என்னும் பெருநிலக்கிழார் சித்திரை, மார்த்தாண்டம், ராணி என்னும் மூன்று பெரும் வயல்களைக் காயலினின்று மீட்டார். அவர் பெயரை நாடு நினைவிற் கொண்டுள்ளது. நீரில் மூழ்கி மண்ணெடுத்த நிலமற்ற தொழிலாளரின் பெயர்களோ எங்கும் எழுதப்படவில்லை. எனினும், கரைமேல் நடப்போர் ஒவ்வொருவரும் அவர்தம் உழைப்பின்மேலேயே நடக்கின்றனர்.

இவ்வயல்களுக்கு இரு பகைகள் உண்டு. ஒன்று மழைக்கால வெள்ளம். மற்றொன்று கோடைக்கால உப்பு. வெள்ளத்தைக் கடலுக்கு விரைந்து வடிக்கும் பொருட்டு 1955ஆம் ஆண்டு தோட்டப்பள்ளியில் வடிகால் மதகுகள் அமைக்கப்பட்டன. உவர்நீரைத் தடுக்கும் பொருட்டுத் தண்ணீர்முக்கம் என்னுமிடத்தில், காயலின் குறுக்கே, ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளமுள்ள கதவணை கட்டப்பெற்று 1976இல் பயனுக்கு வந்தது. கோடையில் அதன் கதவுகளை அடைப்பர். அறுவடை முடிந்தபின் திறப்பர். அதனால் நெற்பயிர் உப்பினின்று தப்பியது.

ஆனால் ஒரு நன்மையோடு சில தீமைகளும் உடன்வந்தன. கதவுகள் அடைபட்டிருக்குங்கால் காயலின் தென்பகுதி ஓட்டமின்றித் தேங்குகிறது. முன்னர்க் கடல்நீரின் ஏற்றவற்றம் அழுக்கைக் கழுவிச் சென்றது; உவர்நீர் புகுந்து ஆகாயத்தாமரையை அழித்தது. இப்பொழுது அக்களை படர்ந்து படகு செல்லும் வழியையும் அடைக்கிறது. இனப்பெருக்கத்திற்காகக் கடலுக்கும் காயலுக்கும் இடையே சென்று வரும் மீனும் இறாலும் வழி தடைப்பட்டுக் குறைகின்றன. உழவர், 'கதவை அடையுங்கள்' என்கின்றனர். மீனவர், 'கதவைத் திறவுங்கள்' என்கின்றனர். இருவர் கூற்றிலும் நியாயம் உண்டு. ஒருவர் சோறு நெல்லில் இருக்கிறது; மற்றவர் சோறு நீரில் இருக்கிறது.

பயணிகளாலும் காயலுக்குச் சுமை ஏறியுள்ளது. சரக்கேற்றிய கெட்டுவள்ளங்கள் 1990களிலிருந்து படகு வீடுகளாக மாறின. அவற்றால் பலர்க்குப் பிழைப்புக் கிட்டியது. ஆயினும் அவற்றினின்று கசியும் எண்ணெயும், எறியப்படும் குப்பையும், கழிவும் அக்கரை மக்கள் புழங்கும் நீரிலேயே கலக்கின்றன. 2018ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் பெருமழை பொழிந்தபோது, நீர் வழிந்தோட இடம் போதாது கரைகளை உடைத்தது. குட்டநாட்டு மக்கள் வீடுகளை விட்டுப் படகுகளில் வெளியேற நேர்ந்தது. நீரைத் தடுப்பது மட்டும் காவலாகாது, அது செல்லும் வழியையும் காத்தல் வேண்டும் என்பதை அவ்வெள்ளம் உணர்த்திற்று.

நல்முயற்சிகளும் இல்லாமற் போகவில்லை. கும்பகோணத்திற் பிறந்த வேளாண் அறிஞர் எம். எஸ். சுவாமிநாதனின் முன்னோர் ஊர் குட்டநாட்டிலுள்ள மங்கொம்பு ஆகும். அவர் நிறுவிய ஆராய்ச்சி நிறுவனம், இந்நாட்டின் வேளாண்மையும் நீர்வளமும் நலிவதை ஆராய்ந்து, 2007இல் அறிக்கை அளித்தது. கடல் மட்டத்திற்குக் கீழே நெல் விளைக்கும் இம்முறையை ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 2013இல் உலக மரபுச் சிறப்புடைய வேளாண்மையாக ஏற்றது. 2017இல் வைக்கத்திலிருந்து கதிரவன் ஒளியால் இயங்கும் பயணப் படகு காயலில் ஓடத் தொடங்கியது. அது புகை கக்குவதில்லை. நீரில் எண்ணெய் சிந்துவதுமில்லை.

காண்பவர்க்குக் குட்டநாடு ஓர் அழகிய காட்சி. வாழ்பவர்க்கோ அது நாள்தோறும் காக்க வேண்டிய வீடு. ஒரு வரம்பு ஓரிடத்தில் உடைந்தால் அதனுள் உள்ள வயல் முழுதும் மூழ்கும். ஆதலின், அங்கே ஒருவன் வரம்பைக் காப்பது அயலான் வயலையும் காப்பதாகும். அந்நீர்வழிகளில் ஒருநாள் செல்லும் பயணியும் அந்த ஒரு நாளளவிற்கு அக்காவலிற் பங்குடையவனே.