சரவிளக்கும் பளிங்குக் கிண்ணமும்

செட்டிநாட்டுப் பெரிய வீடொன்றின் முகப்பைக் கடந்து கூடத்தில் அடி வைப்பவர் எவரும் தம்மையறியாமல் அண்ணாந்து பார்ப்பர். பர்மாத் தேக்கு விட்டத்தினின்று கண்ணாடிச் சரவிளக்கு தொங்கும். பெல்ஜியத்திலிருந்து வந்தது என்று வீட்டார் பெருமையோடு சொல்வர். கானாடுகாத்தானிலும் ஆத்தங்குடியிலும் இத்தகையவற்றை இன்றும் காணலாம். பர்மா, மலேயா, இலங்கை முதலிய நாடுகளில் லேவாதேவி நடத்திய நகரத்தார், இத்தாலியச் சலவைக்கல்லோடு இவற்றையும் கப்பலேற்றிக் கொணர்ந்தனர். செல்வத்தின் கதை அது. பௌதிகம் கற்பித்தவனாகிய எனக்கோ, அவ்விளக்கு எவ்வாறு ஒளிர்கிறது என்பதே பெரிய வியப்பு.

மணல், சோடா, சுண்ணாம்பு மூன்றையும் உருக்கினால் சாதாரணக் கண்ணாடி கிடைக்கும். 1674-இல் ஜார்ஜ் ரேவன்ஸ்கிராப்ட் என்னும் ஆங்கிலேயர், ஈய ஆக்சைடு கலந்த கண்ணாடிக்கு உரிமை பெற்றார். அதற்கு இரண்டாண்டு முன்னர்தான், வெண்ணிற ஒளி பல நிறங்களின் கலவை என்பதை நியூட்டன் வெளியிட்டிருந்தார். ஈயம் சேர்ந்த கண்ணாடி கனமானது. மென்மையாகச் சீவிப் பட்டை தீட்டலாம். தட்டினால் மணிபோல் ஒலிக்கும். சாதாரணக் கண்ணாடியின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.52, ஈயக் கண்ணாடிக்கு 1.6 வரையும் அதற்கு மேலும் செல்லும். ஆகவே மாறுநிலைக் கோணம் 41 பாகையிலிருந்து 39 பாகைக்குக் குறைகிறது. உள்ளே புகுந்த கதிர் எளிதில் வெளியேற இயலாமல் பட்டைக்குப் பட்டை மோதித் திரும்பி, நிறங்களாகப் பிரிந்து வெளிவருகிறது. நாம் காணும் மின்வெட்டு இதுவே.

குடிக்கும் கிண்ணமும் தொங்கும் விளக்கும் ஒரே பட்டறையின் பிள்ளைகள். பிரான்சின் பக்கரா தொழிற்சாலை 1764-இல் தொடங்கியது. அங்கு 1841-இல் உருவான ஆர்க்கூர் என்னும் அறுபட்டைக் கிண்ணத்தின் சாயலில் இந்நாளில் விளக்குகளும் செய்யப்படுகின்றன. நூறு தொங்கட்டான்களுக்குப் பதிலாக, கவிழ்த்த கிண்ணம் ஒன்றே விட்டத்தினின்று தொங்குவது இக்கால நாகரிகம். சிறிய வீடுகளுக்கு அது பொருத்தமே என்பது என் கருத்து. நம் நாட்டில் உத்தரப் பிரதேசத்துப் பிரோசாபாத், வளையலோடு இத்தகைய கண்ணாடி விளக்குகளுக்கும் பெயர் பெற்றது.

ஆனால் பலர் அதனுள் பால்நிறப் பல்பைப் பொருத்திவிட்டு, "மின்னவில்லையே!" என்று குறைப்படுகின்றனர். மெழுகுவர்த்தியின் சுடர் சிறியது. சிறிய ஒளிமூலமே பட்டைகளில் கூர்மையான பொறியைத் தோற்றுவிக்கும். பரந்த ஒளி எல்லாப் பட்டைகளையும் ஒரே சீராக நிரப்பி, மின்னலை அழித்துவிடும். தெளிந்த கண்ணாடியுள்ள சிறு எல்.இ.டி. பல்பே ஏற்றது.

செட்டிநாட்டு வீடுகள் பல இடிக்கப்பட்டுவிட்டன. அவற்றின் பொருள்கள் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்கு வந்து சேர்கின்றன. முழு விளக்கை ஏற்றிச் செல்வது கடினம்; உதிரியாகப் பிரித்துவிட்டால் எந்தத் துண்டு எந்த அடுக்கிற்கு உரியது என்று பிறகு எவரும் சொல்ல இயலாது. அடுக்குக் குலைந்த விளக்கு வெறும் கண்ணாடிக் குவியல். விடுபட்ட துண்டுக்கு ஈடாகப் பிளாஸ்டிக் துண்டைக் கோப்பதும் பயனற்றது. அதன் ஒளிவிலகல் எண் 1.49தான்; அருகிலுள்ளவை மின்ன, அது மட்டும் மங்கித் தெரியும்.

உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ இத்தகைய விளக்கு இருந்தால், அதைத் துடைக்கக் கழற்றுமுன் நான்கு பக்கமும் நிழற்படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடுக்கடுக்காக எண்ணிட்டு, ஒவ்வோர் அடுக்கின் துண்டுகளையும் தனித்தனித் துணிப்பையில் இடுங்கள். கொக்கிக் கம்பிகளையும் அந்தந்தப் பையிலேயே போட்டு வையுங்கள்.